க்ரையோனிக்ஸ்ல சேர்ந்த ஃப்ரெண்டுக்கு ஹெல்த் கேர் ப்ராக்ஸியா கையெழுத்து போடலாமா?

சேகர்_ஆல்பனி:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், பொறுத்துக்கோங்க.

நான் நியூயார்க் ஸ்டேட்ல ஆல்பனி பக்கம் இருக்கேன். கூட வேலை பாத்த ஒரு அமெரிக்கர், இந்த ஊருக்கு வந்தப்போ எனக்கு முதல்ல ஃப்ரெண்டானவரே அவர்தான். கல்யாணம் பண்ணிக்கல, அப்பா அம்மா இல்ல, ஒஹாயோல ஒரு அக்கா மட்டும் இருக்காங்க. அவருக்கு ஏ.எல்.எஸ். வந்துருச்சு, தசையெல்லாம் ஒண்ணொண்ணா செயலிழந்துட்டே வர்ற வியாதி. கை ரெண்டும் போச்சு, பேச்சு குழறுது, ராத்திரி மாஸ்க் போட்டாத்தான் மூச்சு. அடுத்து தொண்டைல ஓட்டை போட்டு வென்டிலேட்டர் மாட்டணுமா வேணாமான்னு டாக்டருங்க கேட்டுட்டு இருக்காங்க. மூளை மட்டும் கத்தி மாதிரி இருக்கு, கண்ணால டைப் பண்ற மெஷின்ல இன்னமும் என்னைக் கிண்டல் பண்றார்.

இப்ப விஷயம். மனுஷன் ரொம்ப வருஷமா அல்கோர்ல மெம்பர். அரிஸோனாவுல ஸ்காட்ஸ்டேல்ல இருக்கே, என்னைக்காவது திரும்ப எழுப்பிடலாம்ங்கற நம்பிக்கைல, செத்தவுடனே உடம்பை குளிரவெச்சு லிக்விட் நைட்ரஜன்ல மைனஸ் 196 டிகிரில வெச்சுருவாங்களே, அந்த இடம். இதுக்குத்தான் க்ரையோனிக்ஸ்னு பேரு. முழு உடம்புக்கு 2 லட்சம் டாலருக்கு மேல, தலை மட்டும்னா 80 ஆயிரம். லைஃப் இன்ஷூரன்ஸ் எடுத்து அதுலருந்து கட்டுற மாதிரி ஏற்பாடு. எனக்கு இதுல துளியும் நம்பிக்கை கிடையாது, அது அவருக்கும் தெரியும்.

அவர் பிளான் என்னன்னா, ஹால் ஃபின்னி பண்ண மாதிரி பண்ணனும். பிட்காயினை உருவாக்குன சடோஷி கிட்டருந்து முதல் டிரான்ஸாக்ஷன் வாங்குனவர் ஃபின்னி, அவருக்கும் இதே வியாதி, 2009ல கண்டுபிடிச்சாங்க. வென்டிலேட்டர்ல இருந்தார், கடைசில 2014 ஆகஸ்ட்ல அரிஸோனாவுக்கே போய் அங்க ஆஸ்பத்திரில மெஷினை எடுக்கச் சொல்லி இறந்தார், உடனே அல்கோர் ஆளுங்க வேலையை ஆரம்பிச்சாங்க. நம்மாளும் அதே மாதிரி வென்டிலேட்டர் மாட்டிக்கிறேன், கண்ணால பேசக்கூட முடியாம போற கட்டம் வரும்போது ஸ்காட்ஸ்டேல் பக்கம் ஒரு ஹாஸ்பிஸ்க்கு, அதான் கடைசிக் காலத்துல பாத்துக்கற இடம், அங்க கூட்டிட்டு போய் மெஷினை எடுத்துருங்கங்கறார். அதை "இப்ப எடுங்க"ன்னு சொல்ல வேண்டிய ஆள் நான். அதுக்குத்தான் ஹெல்த் கேர் ப்ராக்ஸி, அவரால சொல்ல முடியாதப்போ அவருக்கு பதிலா சிகிச்சை முடிவு எடுக்க எனக்கு எழுதிக் குடுக்கற பேப்பர்.

அக்கா ஒத்துக்கவே மாட்டேங்கறாங்க. சர்ச்சுக்கு தவறாம போறவங்க, குடும்பக் கல்லறைல அப்பா அம்மா பக்கத்துல இடம் இருக்கு, தம்பி அங்கதான் வரணும், கோர்ட்டுக்கு போனாலும் சரின்னு போன்ல என்கிட்டயே சொல்லிட்டாங்க.

சட்டச் சிக்கல் ஒரு பக்கம் இருக்கட்டும், எனக்கு ராத்திரி தூக்கத்தை கெடுக்கறது வேற. மெஷினை எடுக்கற நேரத்தை அவர் உடம்பு முடிவு பண்ணுமா, இல்ல ஐஸோட வந்து நிக்கற டீம் முடிவு பண்ணுமா? செவ்வாய்க்கிழமை டீம் ரெடி, அதனால செவ்வாய்க்கிழமை சாவு, இப்படி ஒரு சாவுக்கு நான் தலையாட்டணுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மீனா_ஜெர்சி:

சேகர் சார், நான் உயில், சொத்து விஷயம் பாக்கற எஸ்டேட் லா ஆபீஸ்ல பாராலீகலா, அதாவது வக்கீலுக்கு உதவியா இருக்கேன், வக்கீல் இல்ல, அதனால இதை வெச்சே முடிவு எடுத்துராதீங்க, வயசானவங்க, நோயாளிங்க விஷயம் பாக்கற நல்ல எல்டர் லா வக்கீல் ஒருத்தரைப் பாருங்க. ஆனா நிறைய பேருக்கு தெரியாத ஒண்ணை முதல்லயே சொல்லிடறேன். ஹெல்த் கேர் ப்ராக்ஸி அவர் உயிரோட இருக்கற வரைக்கும்தான். மூச்சு நின்ன அந்த நிமிஷத்தோட உங்க அதிகாரம் முடிஞ்சுது. அதுக்கப்புறம் உடம்பு யார் கைக்கு போகணும்ங்கறதுக்கு நியூயார்க்ல தனி ஃபார்ம், பப்ளிக் ஹெல்த் லா 4201. அது இல்லன்னா கல்யாணம் ஆகாத, அப்பா அம்மா புள்ளைங்க இல்லாத ஆளுக்கு கூடப்பொறந்த அக்காதான் வரிசைல முன்னாடி நிப்பாங்க. அதாவது உங்களுக்கு போன் பண்ணி மிரட்டுன அதே அக்கா.

அமெரிக்காவுல நடந்த சண்டை பாதி இந்த இடத்துலதான். அயோவால ஓர்வில் ரிச்சர்ட்ஸன்னு ஒரு ரிட்டயர்டு ஃபார்மஸிஸ்ட், 2004ல அல்கோர்ல கையெழுத்து போட்டு 50 ஆயிரம் டாலருக்கு மேல மொத்தமா கட்டிட்டார். அப்பவே கூடப்பொறந்தவங்க நாங்க இதுக்கு துணை நிக்க மாட்டோம்னு முகத்துக்கு நேரா சொன்னாங்க. அப்புறம் அவருக்கு மறதி நோய் வந்து அவங்களே கார்டியன் மாதிரி ஆனாங்க, 2009 பிப்ரவரில இறந்தார், புதைச்சுட்டாங்க. அல்கோருக்கு விஷயம் தெரியவே ரெண்டு மாசம் ஆச்சு. கேஸ் போட்டாங்க, கீழ் கோர்ட் முடியாதுன்னுது, 2010ல அயோவா அப்பீல் கோர்ட் மாத்தி தீர்ப்பு சொல்லுச்சு. அவர் உடம்பை தானமா எழுதிக் குடுத்துட்டார், அந்த தானத்தை குடும்பம் ரத்து பண்ண முடியாது, தோண்டி எடுக்க விடுங்கன்னு. எடுத்தாங்க. புதைச்சு ஒரு வருஷத்துக்கு மேல ஆன உடம்பு! ஜெயிச்சு என்ன சார் பிரயோஜனம், நீங்களே சொல்லுங்க.

அதே 2010ல கொலராடோ ஸ்பிரிங்ஸ்ல மேரி ராபின்ஸ்னு ஒரு பாட்டி, அவங்களும் அல்கோர்ல சேர்ந்தவங்க. அம்மா கடைசி நாள்ல மனசு மாறிட்டாங்கன்னு குடும்பம் சொல்லுச்சு, மாறுனதுக்கு எழுத்து எங்கன்னு அல்கோர் கேட்டுச்சு, அந்தம்மா உடம்பு ட்ரை ஐஸ்ல காத்துட்டு இருந்துச்சு. கோர்ட் அல்கோர் பக்கம்தான் போச்சு.

பேப்பர் அரைகுறையா இருந்தா என்ன ஆகும்ங்கறதுக்கு பேஸ்பால் ஆட்டக்காரர் டெட் வில்லியம்ஸ். உயில்ல எரிச்சு சாம்பலை ஃப்ளோரிடா கடல்ல கரைங்கன்னு இருக்கு. 2002ல இறந்ததும் மகன் எண்ணெய்க்கறை படிஞ்ச ஒரு துண்டுச் சீட்டை எடுத்து நீட்டுறார், அதுல அப்பாவும் ரெண்டு புள்ளைங்களும் க்ரையோனிக்ஸுக்கு ஒத்துக்கிட்டு கையெழுத்து. மூத்த மக அதை ஏத்துக்கல, பல மாசம் பேப்பர் பூரா இதே கதை, கடைசில சமரசம் ஆகி உடம்பு அல்கோர்லயே தங்கிடுச்சு. ஆக ப்ராக்ஸி தனி, 4201 தனி, அல்கோரோட தானப் பத்திரம் தனி, மூணுலயும் ஒரே ஆள் பேரு இருக்கணும், தேதி முன்னுக்குப் பின் முரணா இருக்கக்கூடாது, பழைய உயில்ல வேற எதாவது உளறி வெச்சிருக்காரான்னும் பாருங்க.

ரவி_கோவை:

இது பூராவும் காசு புடுங்கற வேலைங்க. 1967ல ஜேம்ஸ் பெட்ஃபோர்டுனு ஒரு புரொஃபஸரை உறைய வெச்சதுலருந்து இன்னிக்கு வரைக்கும் ஒருத்தராச்சும் எந்திரிச்சு வந்தாங்களா? கலிஃபோர்னியாவுல சாட்ஸ்வொர்த் கல்லறைல வெச்சிருந்த ஒம்பது உடம்பு காசு தீந்து உருகிப்போய் நாறுனது 1979ல வெளிய வந்துச்சு. ஃப்ரான்ஸ்ல மார்ட்டினோனு ஒரு டாக்டர் பொண்டாட்டியை வீட்டு அடித்தளத்துல ஃப்ரீஸர்ல வெச்சார், அப்புறம் அவரையும் மகன் வெச்சார், கோர்ட்டு கூடாதுன்னுது, 2006ல ஃப்ரீஸர் ரிப்பேர் ஆகி ரெண்டு பேரையும் எரிச்சுட்டாங்க. இதுக்குப் போயி ஒரு மனுஷன் எப்ப சாகணும்னு நேரம் குறிக்கோணுமா? சாவுக்கு அப்புறம் இன்ஷூரன்ஸ் காசு யாருக்கு போகுதோ அவிங்க ஆளுங்களே கட்டிலுக்குப் பக்கத்துல நின்னுட்டு இருக்காங்க. இது ஒண்ணு போதாதா? அந்த அக்கா சொல்றதுதான் நியாயம். நீங்க ஒதுங்கிக்கோங்க.

ராதா_ஹூஸ்டன்:

ரவி தம்பி, பலிக்குமா பலிக்காதாங்கறது வேற, அந்த மனுஷனுக்கு முடிவு பண்ற உரிமை இருக்கா இல்லையாங்கறது வேற, ரெண்டையும் போட்டு குழப்பாதீங்க. ஆனா கட்டிலுக்குப் பக்கத்துல யாரு நிக்கறாங்கன்னு கேட்டீங்க பாருங்க, அது நல்ல கேள்வி.

சேகர் தம்பி, நான் ஹாஸ்பிஸ் நர்ஸ். க்ரையோனிக்ஸ் கேஸ் பாத்ததில்ல, ஆனா ஏ.எல்.எஸ். பேஷண்டுக்கு வென்டிலேட்டர் எடுக்கும்போது கூட இருந்திருக்கேன், அதனால சொல்றேன். முழு நினைவோட இருக்கற ஆள் எனக்கு இந்த மெஷின் வேணாம்னா அமெரிக்காவுல எந்த ஸ்டேட்லயும் எடுத்துதான் ஆகணும், அது கொலையும் இல்ல தற்கொலையும் இல்ல, வியாதி அதுபாட்டுக்கு போகுது. முதல்ல மார்ஃபினும் தூக்க மருந்தும் நல்லா ஏத்தி, அவர் மூச்சுக்குத் திணறலன்னு உறுதியானப்புறம்தான் எடுப்போம். சிலருக்கு நிமிஷக்கணக்குல முடியும், சிலருக்கு மணிக்கணக்குல. அப்புறம் நேரம் குறிக்கறதுன்னு நீங்க பயப்படறது க்ரையோனிக்ஸ்ல மட்டும் நடக்கறது இல்லப்பா. மகன் கலிஃபோர்னியாலருந்து வரட்டும், பேத்தி பொறந்தநாள் முடியட்டும்னு எத்தனை குடும்பம் நாள் தள்ளிப் போட்டிருக்கு. வெள்ளிக்கிழமை எடுக்கலாம்னு பேசி வெச்சு வெள்ளிக்கிழமை எடுக்கறது எங்களுக்கு சாதாரணம். மெஷின்ல இருக்கற ஆளுக்கு எப்பவுமே யாரோ ஒருத்தர் நாள் சொல்லித்தான் ஆகணும்.

எங்க இடிக்கும்னா, இதுல தான். அல்கோர் மாதிரி ஆளுங்களுக்கு இதயம் நின்ன நிமிஷத்துலருந்து ஒவ்வொரு நொடியும் முக்கியம், ரத்த ஓட்டம் இல்லாம மூளை கெட்டுப் போகும்ங்கறதுதான் அவங்க கவலை. அதனால டாக்டரோ நர்ஸோ இறந்துட்டார்னு சொன்ன உடனே ஐஸ் தண்ணில போடுவாங்க, நெஞ்சை அமுக்கற மெஷினை மாட்டுவாங்க, ரத்தம் உறையாம இருக்க மருந்து, நினைவு திரும்பிறக் கூடாதுன்னு மயக்க மருந்து, எல்லாம் ஏத்துவாங்க. இதயம் நின்னா திரும்ப ஓட வெக்க வேணாம்னு டி.என்.ஆர். ஃபார்ம்ல கையெழுத்து போட்ட ஆளுக்கு, செத்தப்புறம் நெஞ்சை அமுக்கறதைப் பாத்தா விஷயம் தெரியாத நர்ஸ் பொண்ணுங்க அரண்டுருவாங்க. பல ஆஸ்பத்திரி இவங்களை ரூமுக்குள்ளயே விடாது. அதனால போகப்போற ஹாஸ்பிஸோட முன்னாடியே, வாய்வார்த்தையா இல்லாம எழுத்துல பேசி வைங்க.

அந்த அறிவிப்புக்கு முன்னாடி டீம் ஒரு விரல்கூட வைக்கக்கூடாது. 1987 டிசம்பர்ல டோரா கென்ட்னு 83 வயசு அம்மாவை மகனே நர்ஸிங் ஹோம்லருந்து கலிஃபோர்னியா ரிவர்ஸைட்ல அப்ப இருந்த அல்கோர் கட்டடத்துக்கு கொண்டு போனார், அங்கயே இறந்தாங்க, அந்த நேரத்துல டாக்டர் பக்கத்துல இல்ல. சாவுக்கு காரணம் விசாரிக்கற கரோனர் ஆபீஸ்ல உடம்புல தூக்க மருந்து இருக்கு, உயிரோட இருக்கும்போதே குடுத்தீங்களான்னு கேட்டு, தனியா உறைய வெச்ச தலையைக் குடுங்க பிரேதப் பரிசோதனை பண்ணனும்னாங்க. அல்கோர் தலையை ஒளிச்சு வெச்சுட்டாங்க, போலீஸ் ரெய்டு வந்து ஆளுங்களுக்கு கைவிலங்கு போட்டு கூட்டிட்டுப் போச்சு. கடைசில கோர்ட்டு தலையைத் தொடக்கூடாதுன்னுது, கொலைக் கேஸும் யார் மேலயும் வரல. ஆனா அந்த ஒரு சம்பவம் போதும், ரவி தம்பி சொல்ற சந்தேகம் வெறும் வாய்ப்பேச்சு இல்லன்னு காட்ட.

கடைசியா அக்கா விஷயம். நாங்க வழக்கமா உயிர் போனதும் குடும்பத்தை உள்ள விட்டு கதவைச் சாத்திடுவோம், ஒரு மணி நேரமோ ரெண்டு மணி நேரமோ கையைப் புடிச்சுட்டு அழுவாங்க, முகத்தைத் துடைச்சு விடுவாங்க. இங்க அது கிடையாது. இறந்தார்னு சொன்ன அடுத்த நொடி அக்காவை வெளிய நிறுத்திட்டு ஐஸ் கொட்டுவாங்க. கல்லறைல இடம், சர்ச்சுன்னு அவங்க பேசறதுக்கு அடில இதுதான் இருக்குமோன்னு எனக்கு தோணுது. ராபின் ஹான்ஸன்னு ஒரு எக்கனாமிக்ஸ் புரொஃபஸர், க்ரையோனிக்ஸ்ல சேர்ந்தவர், அவர் பொண்டாட்டியே ஹாஸ்பிஸ்ல வேலை பாக்கறவங்க, அவங்களுக்கு இது சுத்தமா பிடிக்கலன்னு 2010ல நியூயார்க் டைம்ஸ்ல வந்துச்சு. சாவை ஏத்துக்க ஜனங்களுக்கு துணையா இருக்கற ஒருத்தி வீட்டுக்குள்ளயே சாவை ஏத்துக்க மாட்டேங்கற மனுஷன். ரெண்டு பேரும் சேர்ந்துதான் வாழ்ந்தாங்க.

பிரபா_க்ரொய்டன்:

சேகர் அண்ணை, லண்டனிலயும் இப்பிடி ஒரு வழக்கு நடந்தது, 2016இல. பிள்ளைக்கு 14 வயசு, அரிய வகைக் கான்சர், தன்னை உறைய வைக்க வேணும் எண்டு தானே நீதவானுக்கு கடிதம் எழுதினது. தாய் ஓம் எண்டா, தகப்பன் இல்லை எண்டார். அவையள் விவாகரத்து எடுத்து, தகப்பன் பிள்ளையைப் பாத்தே எத்தனையோ வருசம். 200 வருசத்துக்குப் பிறகு எழும்பினாலும் சொந்தக்காரர் ஒருத்தரும் இருக்க மாட்டினம், அமெரிக்காவில தனிச்சுப் போய் நிக்கும் எண்டதுதான் அந்தத் தகப்பன்ர பயம். எனக்கு அந்த வாதம் இப்பவும் நெஞ்சுக்குள்ள நிக்குது.

நீதவான் பீட்டர் ஜாக்சன் ஆஸ்பத்திரிக்கே போய் பிள்ளையைப் பாத்தவர். இஞ்சத்தச் சட்டத்தில 18 வயசுக்குக் கீழ உயில் எழுதேலாது. அதால அவர் உறைய வைக்கிறது சரியோ பிழையோ எண்டு சொல்லேல்ல, உடம்பை என்ன செய்யிறது எண்டு முடிவெடுக்கிற பொறுப்பைத் தாயிட்ட மட்டும் குடுத்தவர். பத்துப் பன்ரெண்டு நாளில பிள்ளை செத்துட்டுது, 37 ஆயிரம் பவுண் செலவில அமெரிக்காவுக்குப் போனது.

ஆனா ஆஸ்பத்திரிக்காரர் பிறகு நீதவானுக்கு அனுப்பின குறிப்பைத்தான் நீங்கள் தெரிஞ்சிருக்க வேணும். வந்த தொண்டர் குழுவிட்ட சரியான சாமானும் இல்லை, ஒழுங்கும் இல்லை. பிள்ளை சாகிற அண்டைக்கு தாய் பிறகு செய்ய வேண்டிய ஏற்பாடுகளிலயே ஓடித் திரிஞ்சதால பிள்ளையோட முழுசா இருக்கேல்ல எண்டும் கவலைப்பட்டு எழுதியிருந்தவை. நீங்கள் ப்ராக்ஸியா நிண்டா அந்தக் கடைசி நாளில போனும் பேப்பருமா ஓடுற வேலையை வேற ஆரிட்டையாவது குடுத்துட்டு, நீங்கள் அவரோட இருங்கோ.

ரவி_கோவை:

ராதாக்கா, ஒத்துக்கறேன், உரிமை இருக்குங்க. ஆனா மெஷினை எடுக்கறதோட இது நிக்குமா? தாமஸ் டொனால்ட்ஸன் கேஸ் படிச்சிருப்பீங்க. கணக்கு மேதை, மூளைல கட்டி, கட்டி வளர்ந்து மூளையைத் தின்னுடும் அதுக்கு முன்னாடி உயிரோடயே என்னை உறைய வெக்க விடுங்கன்னு 1990ல கலிஃபோர்னியா அரசாங்கத்து மேல கேஸ் போட்டார். 1992ல அப்பீல் கோர்ட் முடியாதுன்னுருச்சு, சிகிச்சை வேணாம்னு சொல்ல உனக்கு உரிமை இருக்கு, இன்னொருத்தனை வெச்சு உன் உயிரை முடிச்சுக்க உரிமை இல்லன்னு. அந்த மனுஷன் எப்ப இறந்தார் தெரியுமா? 2006ல. கோர்ட்டு சரின்னு சொல்லியிருந்தா பதினாலு வருஷ வாழ்க்கை போயிருக்கும்.

ராதா_ஹூஸ்டன்:

நல்ல பாயிண்டு தம்பி, மறுக்கல. ஆனா எதிர்ப்பக்கமும் பாருங்க. கிம் ஸுவோஸினு 23 வயசுப் பொண்ணு, மூளைல க்ளையோப்ளாஸ்டோமாங்கற புற்றுநோய்க் கட்டி. ரெடிட்ல கேட்டு ஜனங்க குடுத்த காசுல ஏற்பாடு பண்ணிட்டு, ஸ்காட்ஸ்டேல் பக்கமே போய் ஹாஸ்பிஸ்ல இருந்து, கட்டி மிச்ச மூளையையும் தின்னுறக் கூடாதுன்னு தானா சோறு தண்ணியை நிறுத்திட்டா. 2013 ஜனவரில போயிட்டா. அரிஸோனாவுல டாக்டர் மருந்து குடுத்து முடிக்கற சட்டம் கிடையாது, அதனால அவளுக்கு இருந்த வழி அதுதான். சட்டத்துக்கு உட்பட்டதுதான், ஆனா பட்டினி கிடந்து சாகறதை பக்கத்துல உக்காந்து பாக்கறது லேசு இல்ல. இதையெல்லாம் வெச்சுப் பாத்தா சேகர் தம்பியோட ஃப்ரெண்டுக்கு இருக்கற வழி எவ்வளவோ மேல்.

சேகர்_ஆல்பனி:

எல்லாருக்கும் நன்றி. ஒரு வாரமா பதில் போடல, அவர் வீட்டுக்கு போய் உக்காந்து பேசிட்டு வந்தேன். கண்ணால ஒவ்வொரு எழுத்தா டைப் பண்றதால அவர் சொல்றது குறைவுதான், ஆனா தெளிவா சொல்வார்.

நான் நேராவே கேட்டேன், டீம் ரெடி ஆகறதுக்கு முன்னாடி உனக்கு நிமோனியா வந்து திணறுனா நான் என்ன பண்ணனும், இழுத்துப் பிடிச்சு வெக்கணுமா, இல்ல விட்டுடணுமான்னு. அவர் அடிச்ச பதில் இது: "முதல்ல வலி இல்லாம. அப்புறம்தான் ஐஸ். டீம் வரலன்னா வரல." இதை அப்படியே ப்ராக்ஸிலயே எழுதிடறேன்னார். எனக்கு அது போதும். டீம் காத்திருக்குங்கறதுக்காக முன்னாடி தள்ளக்கூடாது, டீம் வரலங்கறதுக்காக அவஸ்தைல வெச்சிருக்கவும் கூடாது, இது ரெண்டும் எழுத்துல இருந்தா நான் கையெழுத்து போடறேன்.

அக்காகிட்ட ராதாக்கா சொன்னதை வெச்சுப் பேசுனேன். கல்லறை, கோர்ட்டு எதையும் எடுக்கல, அரிஸோனாவுக்கு வர்றீங்களா, மெஷினை எடுக்கறதுக்கு முந்தின நாள் முழுக்க நீங்களும் அவரும் மட்டும், வேற யாரும் உள்ள வரமாட்டாங்கன்னேன். ரொம்ப நேரம் பேசவே இல்ல. அப்புறம் பாஸ்டரை கூட்டிட்டு வரலாமான்னு கேட்டாங்க. தம்பி பண்றது பாவம்ங்கறதுல மாத்தமே இல்லன்னும் சேர்த்து சொன்னாங்க. கேஸ் போட மாட்டேன்னு சொல்லல, நானும் கேக்கல. ஃப்ரெண்டுகிட்ட பாஸ்டரைப் பத்தி சொன்னதுக்கு "வரட்டும், ஜெபம் சுருக்கமா இருந்தா சரி"ன்னார்.

மீனா, ஒரு சந்தேகம். ப்ராக்ஸி, 4201 ரெண்டுக்கும் சாட்சி யார் வேணா போடலாமா? என் வீட்டுக்காரி போடலாமா?

மீனா_ஜெர்சி:

ரெண்டுக்குமே ரெண்டு சாட்சி வேணும் சார். ப்ராக்ஸில ஏஜென்ட்டே, அதாவது முடிவெடுக்கற ஆளே, சாட்சியா போடக்கூடாது, அதனால நீங்க கிடையாது. உங்க வீட்டுக்காரம்மாவும் வேணாம், சட்டத்துல தடை இல்லன்னாலும் நாளைக்கு அக்கா வக்கீல் வெச்சா முதல் கேள்வி அதுதான் வரும். ஆபீஸ்ல கூட வேலை பாக்கறவங்க, அல்கோரோடயும் இன்ஷூரன்ஸோடயும் எந்த சம்பந்தமும் இல்லாதவங்களா ரெண்டு பேரைப் பிடிங்க. அவர் கையால எழுத முடியாதுங்கறதால, அவர் சொல்லி அவர் கண்ணு முன்னாடியே இன்னொருத்தர் அவர் பேரைப் போடலாம், அது சாட்சிங்க முன்னாடி நடக்கணும், கண்ணால டைப் பண்ணி சம்மதம் சொல்றதை வீடியோவும் எடுத்து வைங்க. ட்யூப் வழியா சாப்பாடு தண்ணி குடுக்கறது பத்தி அவர் விருப்பத்தை தனியா எழுதணும், நியூயார்க்ல அது உங்களுக்கு தெரியலன்னா அந்த விஷயத்துல மட்டும் நீங்க முடிவெடுக்க முடியாது. மத சம்பந்தமா பிரேதப் பரிசோதனை வேணாம்னு ஒரு கடிதமும் சேத்துக்கோங்க, நியூயார்க், கலிஃபோர்னியா மாதிரி சில ஸ்டேட்ல அதுக்கு மதிப்பு உண்டு. அரிஸோனா போய் இறங்கினதும் அந்த ஸ்டேட் ஃபார்ம்லயும் ஒரு தடவை எல்லாத்தையும் போட்டுருங்க. அவர் கண்ணால தெளிவா டைப் பண்ண முடியும்போதே, முடிஞ்சா இந்த வாரமே பண்ணிடுங்க சார்.